சனிக்கிழமைக்கு எழுதாத தேதி

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஓய்வு பெற்ற சீனியர் என்று என்னையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிய வகுப்பு அது. சட்டத்தைத் திருத்திய பிறகு யாருக்கு எத்தனை வாரம் என்று திரையில் படம் போட்டு விளக்கினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, இப்போதுதான் இருபத்திநாலு வாரம் வரைக்கும் டைம் இருக்கிறதே, முன்னைப் போல அவசரப்பட வேண்டாம் இல்லையா என்று என்னிடம் கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆந்திராவில் இருக்கிற புத்தூர்ப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. நர்ஸிங் படித்தது சித்தூரில். லீவு முடிந்து திரும்பும்போது பாகாலா ஜங்ஷனில் ரயில் மாற்ற வேண்டும். பாகாலா வந்தாலே வார்டு ஞாபகம் வந்துவிடும். படித்த மூன்றரை வருஷத்தில் மனதில் நிற்பது ஒரே ஒரு முகம். யாரோ ஒருத்தியிடம் போய்க் கலைத்துக்கொண்டு, காய்ச்சலோடு கொண்டுவந்து போட்ட பெண். என் வயதுதான் இருக்கும். மூன்றாம் நாள் போய்விட்டாள். சட்டப்படி ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வந்திருக்க மாட்டாள், வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பாள் என்று எங்கள் டியூட்டர் சொன்னார். அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் வேலையை விடுகிற வரைக்கும் போகவில்லை.

பல ஊர் சுற்றிக் கடைசியில் திருப்பதியில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். பெயர் வேண்டாம். பிரசவ வார்டின் கடைசியில் கருக்கலைப்புக்கென்று ஓர் அறை. அந்த அறைக்குப் பொறுப்பு நான். அந்த வேலைக்குத் தகுதி பெற்ற டாக்டர்கள் எங்களிடம் இரண்டே பேர். பெரிய டாக்டரம்மா ஒருவர். சுதாகர் என்கிற இளவயது டாக்டர் இன்னொருவர்.

டாக்டரம்மா திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் வைணவர். அவருடைய அப்பா மலைமேல் கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் இருந்தவர். நெற்றியில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. சனிக்கிழமை உபவாசம். இப்படிப்பட்டவர் எப்படி இந்த வேலையைச் செய்கிறார் என்று ஊரில் பேசாதவர்கள் இல்லை. ஒருமுறை நானே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பெருமாள்கிட்ட கேக்க வேண்டியதை நான் கேட்டுக்கறேன். உன்னண்ட கேக்கறது எத்தனை வாரம்ங்கறது மட்டுந்தான்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவருடைய முறை ஒன்று உண்டு. வருகிற பெண்ணிடம் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை கூட வந்தவர்கள் இருக்கும்போது. இரண்டாவது தடவை அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, அவளைவிடத் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. மூன்றாவது தடவை அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்த பிறகு, சும்மா கேட்கிற மாதிரி, "என்னம்மா, ஆத்துக்கே போயிடலாமா?" என்பார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் பேனாவைத் திறப்பார். மூன்றாவது கேள்வியில் அழுது வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். வாரக் கணக்கை ஸ்கேன் தாளில் பார்த்தாலும் விரல் கணுவில் தானே ஒருமுறை எண்ணிச் சிவப்பு மையில் எழுதுவார்.

பிறகு என் வேலை. சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து. வயதுக்கு வந்த பெண்ணானால் அவள் கையெழுத்து மட்டும் போதும். புருஷன், மாமனார், அப்பன் யாருடைய கையெழுத்தும் சட்டம் கேட்கவில்லை. படிவத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தி, நம்பர் மட்டும் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த அறைக்குள் வந்த பெண்ணுக்குப் பெயர் கிடையாது. நான் சேர்ந்த புதிதில் பழக்கதோஷத்தால் ஒருத்தியை வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அங்கே அவளுடைய தெருக்காரி உட்கார்ந்திருந்தாள். நம் பெண் எழுந்து நேராக வெளியே போனவள்தான், திரும்பவில்லை. டாக்டரம்மா அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை. அதைவிட அடித்திருக்கலாம்.

இதெல்லாம் எழுதி வைத்த முறை. எழுதாத முறை ஒன்றும் இருந்தது. சனிக்கிழமை அந்த அறையைத் திறப்பதில்லை. ஏகாதசிக்குத் திறப்பதில்லை. பிரம்மோற்சவம் நடக்கிற நாட்களில் முடிந்தவரை யாருக்கும் தேதி எழுதுவதில்லை. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் எனக்குச் சொன்னார், நான் எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குப் பிடிக்காது என்பது எங்கள் எண்ணம். வெங்கடேசனுக்கு உபவாசம் இருக்கிற நாளில் அவர் கையால் இதைச் செய்யச் சொல்லலாமா?

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். என் மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஊரில், இந்தக் கையால் நான் செய்வதை எல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குள் ஒரு நடுக்கம். சனிக்கிழமை ஒன்றையாவது விட்டுவைத்தால் என் மகளை விட்டுவைப்பான் என்று நினைத்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா என்று கேட்டால், ஆமாம், படித்தவள்தான் நினைத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து நகரியிலிருந்து வந்ததால் நகரிப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம், பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருக்கிறது, வியாழக்கிழமை. அம்மாவோடு வந்திருந்தாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் பவர்லூம் ஓட்டினவன், மஞ்சள் காமாலையில் போய் இரண்டரை மாதம் ஆகிறது. அவன் போகும்போது இவள் மூன்று மாதம். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் வாசற்படி தாண்ட விடவில்லை. அன்றைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லித்தான் வந்திருந்தாள்.

ஸ்கேனில் இருபத்திமூன்று வாரமும் ஒரு நாளும். இருபது வாரம் தாண்டினால் எல்லோருக்கும் செய்ய முடியாது. சட்டம் சொல்கிற சில நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இருபத்திநாலு வரைக்கும் செய்யலாம், இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால். கர்ப்பத்தின் நடுவில் விதவையானவள் அதில் ஒருத்தி. இருபத்திநாலு தாண்டினால் இவளுக்குக் கதவு மூடிவிடும். அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வாசற்படி தாண்டாதவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மா இரண்டாவது தடவை கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவுரு இருக்கசொல்ல ஆசையாத்தான் இருந்திச்சி மேடம். இப்ப எங்க மாமியா, செத்தவன் திரும்பி வரான், உன் வயித்துல கீறவன் என் புள்ளதான்னு சொல்லிக்கினு கீறாங்க. குறி சொல்றவன் வேற அப்பிடியே சொல்லிட்டான். பேரு கூட அவுரு பேருதான் வெப்பாங்களாம். எங்க ஊட்டுக்காரரையே நான் பெத்து, அவுருக்கே பாலு குடுத்து வளக்கணுமாம். எனக்கு ராவும் பகலும் பயமா கீது. என்னால ஆவாது மேடம்."

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. வளர்க்க மாட்டேன் என்றால் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள் அம்மா. மூத்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும், பெற்றுவிட்டு விட்டுப் போகிற தைரியம் தனக்கு இல்லை என்றாள். மூன்றாவது கேள்விக்கும் அதே பதில். இரண்டு டாக்டர்களும் போட வேண்டிய படிவத்தில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். சுதாகர் டாக்டரும் வந்து அவளைப் பரிசோதித்துவிட்டு, ஒரு சிசேரியன் காத்திருக்கிறது, தாளை அப்புறம் கொண்டுவாருங்கள் சிஸ்டர் என்று ஓடினார். கேஸ் ஷீட்டில் டாக்டரம்மா எழுதியிருந்தது இதுதான்: இன்றே சேர்க்கவும், சீக்கிரம் ஆரம்பிக்கவும்.

இந்த மருந்து இரண்டு கட்டம். முதல் மாத்திரை கொடுத்து ஒன்றரை, இரண்டு நாள் கழித்து அடுத்த மாத்திரைகள். அப்போதுதான் எல்லாம் நடக்கும். வியாழன் கொடுத்தால் சனிக்கிழமை நடக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை, அதுவும் மலையில் கருட சேவை நாள். வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் சனியன்றே வலி கண்டுவிடுமோ என்று பயம். என் கை தானாகவே தள்ளிப்போட்டது. முதல் மாத்திரை ஞாயிறு, அடுத்தது செவ்வாய் என்று நோட்டில் எழுதினேன். புதன்தான் இருபத்திநாலு வாரம். ஒரு நாள் மிச்சம் இருக்கிறதே என்று எனக்குத் திருப்தி வேறு. ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சுதாகர் டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கவில்லை. இருபது வாரமே எல்லை என்று இருந்த காலத்தில் நான் இப்படி மெத்தனமாக இருந்ததில்லை. நாலு வாரம் கூட்டிக் கொடுத்ததும் எனக்கே அவசரம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை லீவில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, முதல் மாத்திரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது பொய். சனிக்கிழமை வேண்டாம் என்று பேஷண்டே சொல்லிவிட்டாள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அவள் கட்டிலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் பாவம், கள்ளம் தெரியாமல் சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லல மேடம். சிஸ்டர்தான் ஞாயித்துக்கெழமன்னாங்க. நான் செரின்னுட்டேன்."

நின்ற இடத்தில் நான் கூனிக் குறுகிப் போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டாவது கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி.

"சுதாகர் எங்க?"

மலையில் போட்டிருக்கிற உற்சவ மருத்துவ முகாமுக்கு நேற்று சாயந்திரம் போய்விட்டார், புதன்கிழமைதான் இறங்குவார் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை கையெழுத்து வந்தால் அது வெறும் தாள். உள்ளே படுத்திருக்கிறவள் எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் செய்ததைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு பெற வேண்டியதுதான். நான் எழுதிய ஒரு தேதியால்.

"தேசம்மா, சனிக்கிழமை கூடாதுன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா.

பதின்மூன்று வருஷம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்றேன்.

"நீங்கள்லாம்தான் பயப்படறேள்னு நான் இத்தனை நாளா வாயை மூடிண்டிருந்தேன்" என்றார் அவர்.

அவருக்காக நாங்கள், எங்களுக்காக அவர். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் இருந்த பெண்களை யாரும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று பார்த்தோம். அங்கே முதலிலிருந்து எல்லாம் ஆரம்பிக்க வேண்டும். அங்கேயும் பாதிப்பேர் மலைமேல். மேலே போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை, லட்சக்கணக்கான ஜனம் கூடுகிற நாள். டாக்டரம்மா தானே போகக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு பிரசவக் கேஸ் சிக்கலாகி வந்து நின்றது. நான் போகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கே, என்ன தாளை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்பது உறைத்தது.

படிவத்தை உறையில் போட்டு, முத்திரை குத்தி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால் பெஞ்சில் ஒரு கிழவனும் கிழவியும். கிழவி எழுந்து வந்தாள். எப்படியோ சேதி தெரிந்து நகரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். நான் செக்யூரிட்டியிடம் தெலுங்கில் பேசியதில் என்ன கண்டாளோ தெரியவில்லை, நேராகத் தமிழில் கேட்டாள்.

"நீ நம்ம பக்கந்தானம்மா? எங்க மருமவ இங்க கீறாளா?"

யாரைக் கேட்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவள் யாரென்று வெளியே சொன்னால் சட்டப்படி தண்டனை. கிழவி சத்தம் போடுவாள், சண்டை பிடிப்பாள் என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என் புள்ள அவ வயித்துல கீறான்மா. நீ பாத்துக்கோ."

அவள் ஒற்றிக்கொண்டது இந்த வேலையைச் செய்கிற கையை. அந்தக் கையில்தான் பை. நான் கையை உருவிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது ஓட்டமா நடையா என்று தெரியாது.

அலிபிரியில் மலைக்குப் போகிறவர்களை எல்லாம் இறக்கிச் சோதனை போடுவார்கள். மது, மாமிசம், பீடி சிகரெட் எதுவும் மேலே போகக்கூடாது. மொட்டையும் மஞ்சள் துணியுமாக ஜனம், 'கோவிந்தா கோவிந்தா' என்று காதை அடைக்கிற சத்தம். வெள்ளைக் கோட்டோடு நான் அதன் நடுவில். இந்த வரிசையில் என்னைப் போல ஒரு தாளை எடுத்துக்கொண்டு மலை ஏறினவள் இதற்கு முன் உண்டா என்று நினைத்தேன். என் மகள் ஞாபகம் வந்தது. அவள் அப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். அவளை ஒன்றும் செய்துவிடாதே, என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் நான் சாமியை வேண்டுகிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் இடம் விட்டாள்.

மிஷினில் பை போனதும் கீச்சென்று சத்தம். பைக்குள் என் டிரெஸ்ஸிங் கத்தரிக்கோல். முப்பது வருஷப் பழக்கம், அது இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. காவலுக்கு இருந்த பெண் கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு உறையை எடுத்தாள். சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன இது, பிரித்துக் காட்டுங்கள் என்று தெலுங்கில் சொன்னாள்.

ஆஸ்பத்திரித் தாள், மேலே இருக்கிற டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றேன். அவள் அசையவில்லை. ரகசியம் என்று போட்டிருக்கிறதே என்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. உறை பிரிந்தால் அந்தப் பெண்ணின் பெயர், ஊர், எல்லாம் பத்துப் பேர் கண்ணில் படும். கடைசியில் அவள் காதருகில் போய், ஒரு பெண்ணின் விஷயம் அம்மா, இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் திரும்பாவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கோட்டைப் பார்த்தாள். உறையைத் தானே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கத்தரிக்கோலைத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ எனக்குத் தெரியாது.

மேலே முகாமைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. தகரக் கொட்டகைக்குள் சுதாகர் டாக்டர் கால் கொப்புளத்துக்கும் தலைசுற்றலுக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இங்கே வைத்தா, சிஸ்டர், என்றார். கொட்டகை வாசலில் நின்றால் கோபுரம் தெரிகிறது. இறங்கி வந்து போடுகிறேன், நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார். மேடமே சனிக்கிழமை இதைத் தொட மாட்டாரே, இன்றைக்கு மட்டும் என்ன அவசரம் என்றும் கேட்டார்.

அப்போது எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. அவர் பேசியது எல்லாம் நான் பேசியது.

"புதன்கிழம இருபத்திநாலு வாரம் முடிஞ்சிபூடும் சார். தப்பு என்னுது. நான்தான் தேதி தள்ளிப்போட்டேன். அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. நீங்களே பாத்தீங்க, நீங்களே சரின்னீங்க. கையெழுத்துதான் பாக்கி."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகரச் சுவரைப் பார்த்தபடி, முழங்காலில் வைத்துத் தாளைப் படித்தார். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுப் போங்கள் சிஸ்டர் என்றார். நான் கும்பிடவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

கருட சேவைக்கு மேலே வருகிற கூட்டம்தான் அதிகம், இறங்குகிற பஸ் காலியாக இருந்தது. ஐந்து மணிக்கு வார்டுக்கு வந்து சேர்ந்தேன். கிழவியும் கிழவனும் அதே பெஞ்சில் இருந்தார்கள். டாக்டரம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர், தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அவளை அந்த அறைக்குக் கூட்டிப்போய் நாலாவது தடவையாகக் கேட்டார். அவள் கையை நீட்டினாள். மாத்திரையை டாக்டரம்மாவே கொடுத்தார். பதின்மூன்று வருஷத்தில் சனிக்கிழமை அந்த அறை திறந்தது அன்றுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை டாக்டரம்மா என்னுடைய பழைய தேதி நோட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சனிக்கிழமைக்காக, ஏகாதசிக்காக, உற்சவத்துக்காக நான் தள்ளிப்போட்டவர்கள். நிறையப் பேர் சொன்ன தேதிக்கு வந்திருந்தார்கள். சிலருக்கு நேராக என் கையெழுத்தில் 'வரவில்லை' என்று இருந்தது. அப்படி எழுதும்போதெல்லாம் மனம் மாறிவிட்டாள், நல்லதாயிற்று என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். கோயிலில் தீபம் கூட ஏற்றியிருக்கிறேன்.

"இவாள்லாம் எங்க போனா தேசம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

சித்தூரில் நான் பார்த்த அந்த முகம் வந்து நின்றது. வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். வகுப்பில் அவசரம் இல்லையே என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கிழமையும் அந்த அறை திறந்தது. எனக்குப் பயம் போயிற்று என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே திறந்தேன். என் மகளுக்கு அந்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் இதற்கும் ஒன்றும் சம்பந்தம் இல்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை நகரிப் பெண்ணைச் சமையலறைப் பக்கத்து வாசல் வழியாக அனுப்பினோம். அம்மாவும் குழந்தையும் ஆட்டோவில் காத்திருந்தார்கள். நேராக வரதய்யபாளையம் போகிறோம் என்றாள். ஆட்டோ தெரு திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு முன்பக்கம் வந்தேன்.

கிழவி மட்டும் பெஞ்சில் இருந்தாள். நாலு நாளும் அங்கேதான் இருந்தாள், கோயிலில் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு எனக்குத் தெரியும்மா. நீ யாரையும் காட்டிக் குடுக்க வாணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பையனா?"

எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அந்த அறையில் இருந்தவள் நான். பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால், வந்தது தன் பிள்ளை இல்லை என்று அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஆண் என்றால் இரண்டாவது தடவையாகப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் போவாள். அவள் மருமகளை அப்புறம் எங்கே இருந்தாலும் தேடிப் போவாள். உண்மையோ பொய்யோ, எதைச் சொன்னாலும் உள்ளே இருந்தவள் யார் என்று சொன்னதாகிவிடும்.

நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை அம்மா என்று மறுபடியும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டாள். கூடவே நடந்து போய் நகரி பஸ்ஸில் உட்கார வைத்தேன். ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாதே என்று, பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.